காற்றுக்குழாயும் நான் தேர்ந்தெடுத்த சாலையும்

போன மாதம் திவ்யா எனக்கு ஒரு காணொளி அனுப்பினாள். சிவப்பு வண்ணம் பூசிய பளபளப்பான ஏர் ஃபில்டர் ஒன்றை ஓர் இளைஞர் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக் காட்டுகிறார். இதைப் போட்டால் லோரி மேட்டில் முனகாது, டீசல் மிச்சமாகும், எஞ்சினுக்குப் பத்து வயது குறைந்துவிடும் என்கிறார். "அங்கிள், இது வேலை செய்யுமா?" என்று கீழே எழுதியிருந்தாள். பாசிர் கூடாங்கில் நான் வேலை பார்த்த லோரிப் பட்டறையில் இப்போது அவள்தான் தலைமைப் பொறியாளர்.

"எந்த ரோட்டில்?" என்று பதில் அனுப்பினேன்.

சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. பின்னாலேயே, "லோரி உரிமையாளர் சங்க மலருக்கு இதையெல்லாம் எழுதிக் கொடுங்களேன், இங்க எல்லாரும் கேக்கறாங்க" என்று வந்தது. உடனே ஒப்புக்கொண்டேன். ஓய்வு பெற்றவனிடம் யாராவது எதையாவது கேட்டால் அவன் யோசிப்பதில்லை. எழுத உட்கார்ந்த பிறகுதான், ஒரு விஷயத்தை எழுதுவதற்கு முன் வேறோர் இடத்தில் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று தெரிந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை தாமதம். திவ்யா மன்னிக்க வேண்டும்.

கோலாலம்பூரில் இயந்திரப் பொறியியல் படித்தேன். டீசல் எஞ்சின் விற்கும் நிறுவனம் ஒன்றில் கொஞ்ச காலம் கையை அழுக்காக்கிக்கொண்டேன். அதில் சொல்ல அதிகம் இல்லை. பிறகு ஜோகூருக்கு வந்து இந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம், கல், மணல் என்று கிடைத்ததையெல்லாம் ஏற்றும் பெரிய லோரிக் கூட்டம் எங்களுடையது. அதனால் லோரிக்குச் சாமான் விற்பவர்கள் எல்லாரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். எங்கள் பட்டறை ஒரு சாமானை ஏற்றுக்கொண்டால் மற்ற நிறுவனங்களும் வாங்கும், மறுத்தால் அவர்களும் மறுப்பார்கள். வந்த சாமானைச் சோதித்துத் தீர்ப்பு எழுதுவது என் வேலை.

எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியில் வைக்கும் சாமான்களுக்குத்தான் பொய் அதிகம். காற்று கண்ணுக்குத் தெரியாததால் அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஒருவர் காற்றைச் சுழற்றிவிடும் தகட்டு வளையம் கொண்டுவந்தார். இன்னொருவர் தம்முடைய ஃபில்டரில் எவ்வளவு தாராளமாகக் காற்று போகும் என்று காட்ட, அதன் வழியாக ஊதி எங்கள் மேசையில் இருந்த மெழுகுவர்த்தியை அணைத்தார். மெழுகுவர்த்தியும் அவரே கொண்டுவந்ததுதான்.

எனக்கு மேலதிகாரி சிவபாதம் சார். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பத்தின் பேரன். அந்தத் தமிழை விடாமல் பேசுவார். விற்பனையாளர் பேசும்போது குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டார். சாமானைத் தொடவும் மாட்டார். எல்லாம் முடிந்த பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எந்த றோட்டில ஓட்டினது?"

"எல்லா ரோட்டிலும் சார்."

"எல்லா றோட்டிலயுமோ? அப்ப ஒரு றோட்டிலயும் இல்லை."

சோதனை முறையும் அவர் வகுத்ததுதான். அதே லோரி, அதே ஓட்டுநர், அதே மணல் மூட்டைகள், டயரில் அதே காற்று. டீசலைத் தொட்டியின் கழுத்துவரை நிரப்பி, நுரை அடங்கும்வரை காத்திருந்து மறுபடி நிரப்ப வேண்டும். முதலில் பழைய சாமானோடு ஒரு ஓட்டம், பிறகு புதியதோடு, பிறகு மறுபடியும் பழையதோடு. அந்த மூன்றாவது ஓட்டத்தில்தான் பெரும்பாலான அற்புதங்கள் செத்துப்போகும். பழையதைத் திரும்பப் போட்ட பிறகும் லோரி அதே போல நன்றாக ஓடினால், வித்தியாசம் சாமானில் இல்லை, அன்றைய வானிலையிலோ ஓட்டுநரின் மனநிலையிலோ இருக்கிறது.

இதோடு ஒரு தண்ணீர்க் குழாயும் உண்டு. மலிவான கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே சொருகுவோம். ஃபில்டரில் மண் அடைக்க அடைக்க எஞ்சின் மூச்சை இழுத்து இழுத்து வாங்கும். அந்தப் பக்கத்துத் தண்ணீர் மேலே ஏறும். நிறம் தெரிவதற்காக நான் ரோஜா சிரப் கலந்தேன். சிவபாதம் சார் பார்த்துவிட்டு, "தம்பி, சிரப் தண்ணியைவிடக் கனம். ஒரு துளிக்கு மேல விடாதையும்" என்றார். எறும்புகள் அந்த ஒரு துளிக்கே வந்தன.

சோதனை ஓட்டுநர் காதர் பாய். வாய் மூடாத மனிதர். அவர் லோரி ஓட்டினால் வண்டி மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் வயிறும் சிரிப்பில் குலுங்கும். ஒரு முறை ஒரு ஃபில்டர் எஞ்சின் சத்தத்தைக் கூட்டியது. ஓட்டுநர்கள் எல்லாரும் பலம் கூடிவிட்டது என்று சத்தியம் செய்தார்கள். சிவபாதம் சார் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஒண்டும் மாத்தாமல், மாத்தின மாதிரிக் காட்டி அனுப்பும்" என்றார். ஃபில்டர் கூட்டைத் திறந்தேன், உள்ளே இருந்த பழைய ஃபில்டரையே திரும்ப வைத்து மூடினேன், வெளியே ஒரு சிவப்புப் பட்டையை ஒட்டினேன். கோத்தா திங்கி வரை போய்வந்த காதர் பாய் இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார்.

"அலமாக் சார், பறக்குது லா. மேட்டுல கியர மாத்தவே மனசு வரல."

"பாய், உள்ள ஒண்ணும் மாத்தல."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்படின்னா இந்த ஒண்ணுமில்லாததையே என் வண்டிக்குப் போட்டுக் குடுங்க சார். ரொம்ப நல்லா இருந்திச்சு."

என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி இப்படித்தான் போனது. காலையில் பட்டறைக்குப் போக எனக்குக் கால் தயங்கியதே இல்லை. இனிச் சொல்லப்போவது நான் சிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. திவ்யா கேட்கும்வரை யாரிடமும் சொல்லாததும்கூட.

என் மனைவி மல்லிகாவின் தம்பி சேகர். வெல்டிங் வேலையில் கெட்டிக்காரன், பேச்சில் அதைவிடக் கெட்டிக்காரன். லாயாங் லாயாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் லோரி பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்திருக்கிறான். லோரி காற்றை உறிஞ்சும் வாய் முன்சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது. செம்மண் புழுதி எழும்புவதும் அதே இடத்தில்தான். அவன் அந்த வாயை ஒரு குழாய் வழியாக ஓட்டுநர் அறையின் கூரைக்கு மேலே கொண்டுபோனான். உச்சியில் சாய்வான தகடுகள் வைத்த ஒரு கிண்ணம். காற்று அதில் சுழன்று உள்ளே போகும், கனமான மண் ஓரத்துக்கு ஒதுங்கி ஒரு கீற்று வழியாக வெளியே கொட்டிவிடும்.

"மண்ணு வெளிய, காத்து உள்ள. அவ்வளவுதான் மச்சான்" என்றான். "ஃபில்டர் நாலு மடங்கு ஓடும். டீசலும் மிச்சம்."

"டீசல் கதை வேண்டாம் சேகர்."

"வியாபாரம்னா கொஞ்சம் தூக்கித்தான் சொல்லணும் லா."

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு சின்னக் கடையைப் பிடித்து, அந்தக் குழாய்களை மட்டுமே செய்வது என்று முடிவெடுத்திருந்தான். எங்கள் நிறுவனம் ஏற்றுக்கொண்டால் கடை நிற்கும், இல்லையென்றால் இல்லை. சிவபாதம் சார் என்னிடம் கேட்டார்: "உம்மட மச்சினன்ட சாமான். வேற ஆளிட்டக் குடுக்கட்டே?" வேண்டாம் சார், நானே செய்கிறேன் என்றேன். என் நேர்மையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

முதலில் ஒரு தோட்டத்துச் செம்மண் சாலையில் சும்மா ஓட்டிப் பார்த்தோம். காதர் பாய் ஓட்டினார், நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். சேகரின் குழாய் இருந்த நாட்களில் தண்ணீர் நிதானமாக ஏறியது. கழற்றிய பிறகு விறுவிறுவென்று ஏறியது. எத்தனை மடங்கு என்று அளக்கவில்லை. ஆனால் குழாய் வேலை செய்கிறது என்பது என் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

ஓட்டிப் பார்த்து முடித்த நாள் மதியம் கேண்டீனில் காதர் பாய், "மச்சான் சாமானுக்கு டெஸ்ட் எதுக்கு சார்? நேரா தாலியக் கட்டிருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் எல்லாரையும் அப்படித்தான் கிண்டல் செய்வார், அதில் விஷம் எதுவும் இல்லை. ஆனால் எனக்குள் அது இறங்கிவிட்டது. நான் ஆமோதித்து எழுதினால் இந்தச் சிரிப்பு என் வேலைக்காலம் முழுக்கக் கூட வரும் என்று பயந்தேன். மைத்துனனுக்காக எழுதினான் என்று ஒருவர் சொன்னாலும் போதுமே என்று நினைத்தேன்.

அதனால் முறையான சோதனைக்கு மெர்சிங் சாலையைத் தேர்ந்தெடுத்தேன். தார்ச்சாலை. அதுவும் கிழக்குக் கரையில் மழை விடாமல் பெய்யும் பருவத்தில். புழுதி என்றால் என்ன என்று கேட்கும் சாலை. மூன்று ஓட்டமும் ஒழுங்காக ஓட்டினேன். டயர் காற்று, மணல் மூட்டை, டீசல் நுரை, எதிலும் குறை வைக்கவில்லை. டீசலில் மாற்றம் இல்லை, ஃபில்டரில் மாற்றம் இல்லை, பரிந்துரைக்க இயலாது என்று எழுதினேன். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. சாலையைத் தேர்ந்தெடுத்தபோதே விடையையும் நான் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

சிவபாதம் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த றோட்டில ஓட்டினது?"

"மெர்சிங் ரோடு சார்."

"இது தோட்டத்து றோட்டுச் சாமான் எல்லோ? அங்க ஓட்டிப் பாக்கேல்லையோ?"

எனக்கு அவர் திறந்துவிட்ட கதவு அது. "இல்லை சார்" என்றேன்.

என்னையே பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். "மச்சினன் எண்டும் பாக்காமல் நேர்மையாச் செய்திருக்கிறீர்" என்றார். என் வாழ்க்கையில் கிடைத்த பாராட்டுகளில் இன்றும் உறுத்துவது அது ஒன்றுதான்.

காதர் பாய் லோரி கழுவும் இடத்தில் என்னைப் பிடித்தார். "அந்தச் செம்மண் ரோடு ரிப்போர்ட்ல வரலியே சார்?"

"அது டெஸ்ட் இல்ல பாய். சும்மா பார்த்தது."

"ஓ" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு ஓய்வு பெற்று மெர்சிங்கில் மகன் வீட்டுக்குப் போகும்வரை என்னை அவர் ஒருமுறைகூடக் கிண்டல் செய்யவில்லை. மற்றவர்களை விடாமல் செய்தார். அவர் இறந்த செய்தி கேட்டுப் போனபோது, அவரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

தீர்ப்பு தெரிந்த அன்று சேகர் எங்கள் வீட்டுக்கு வந்தான். என்னிடம் சண்டை போடவில்லை. மல்லிகாதான் பேசினாள். "அவரு யாருக்காகவும் மாத்தி எழுத மாட்டாருடா. நீதான் வாயாலயே வித்துக்கிட்டுத் திரியிற." அவன் அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சாப்பிடாமல் போனான். கடையை விட்டுவிட்டு சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்தான். விடியும் முன் பாலம் தாண்டி, இருட்டிய பின் திரும்பும் பிழைப்பு. பிள்ளைகள் அவனைத் தூங்கும்போதுதான் பார்த்தார்கள். வெகுகாலம் கழித்துத்தான் லாயாங் லாயாங்கில் ஒரு சின்னப் பட்டறை வைத்தான். குடும்ப விசேஷங்களில் அவன் எதையாவது விவரிக்க ஆரம்பித்தால் யாராவது "காத்துக்குழாயா சேகரு?" என்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

திவ்யா கேட்ட பிறகு, எனக்குக் கடினமாக இருந்த சோதனை ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று யோசித்தேன். இது ஒன்றுதான் வந்தது. அவனிடம் சொல்லாமல் எழுதுவது இரண்டாவது துரோகம். ஒரு காலையில் லாயாங் லாயாங்குக்குக் காரை ஓட்டினேன்.

சேகர் ஒரு லோரிக்கு அடியில் இருந்து நகர்ந்து வெளியே வந்தான். "என்ன மச்சான், சொல்லாம கொள்ளாம? அக்கா தொரத்திட்டாங்களா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செம்மண் சாலையில் பார்த்ததை, மெர்சிங் சாலையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதை, சிவபாதம் சாரிடம் சொன்ன பொய்யை. அவன் கையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். சுத்தமான பிறகும் துடைத்தான்.

"நானே நம்பிட்டேன் மச்சான்" என்றான். "அது வேல செய்யலன்னு நானே நம்பிட்டேன். கண்ணால பாத்ததக்கூட, ஆசையில தப்பா பாத்திருப்போம்னு விட்டுட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையை ஆட்டினான், ஏற்றுக்கொண்டதாக அல்ல. "என்கிட்ட சொல்லி என்ன. அக்காகிட்ட சொல்லுங்க. அவங்கதான் அன்னிக்கு என்னைய பொய்யன்னு சொன்னது."

அன்று மாலையே சொன்னேன். மல்லிகா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"நான் அவன்கிட்ட என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க."

அதற்குப் பிறகு சில நாட்கள் எனக்குச் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை. தொலைபேசியில் தம்பியோடு மட்டும் மணிக்கணக்காகப் பேசினாள், கதவைச் சாத்திக்கொண்டு. சிரிப்பும் கேட்டது, மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. ஒரு காலையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் குழாய் இன்னும் இருக்காம். வீட்டுப் பின்னால பாகற்கொடிக்கு நட்டு வச்சிருக்கானாம். மறுபடி அளக்கணும்."

"அளக்கிறேன்."

"நானும் வருவேன். நீங்க தனியா அளந்தா நான் நம்ப மாட்டேன்."

இப்படித்தான், ஓய்வு பெற்ற பிறகு என் வாழ்வின் மிகச் சந்தோஷமான சோதனை நடந்தது. பாகற்கொடியைச் சேகரின் மனைவி திட்டிக்கொண்டே வேறு கம்புக்கு மாற்றினாள். குழாய்க்குள் ஓர் எறும்புக் குடும்பம் இருந்தது, அதையும் காலி செய்தோம். செம்பனைப் பழம் ஏற்றும் சேகரின் சொந்த லோரியில் குழாயைப் பொருத்தினோம். புதுக் கிண்ணம் வேண்டாம், பழையதேதான் வேண்டும் என்றேன், அன்று நான் மறுத்தது அதைத்தானே. புது ஃபில்டர் போட்டு ஒரு வாரம் குழாயில்லாமல் ஓட்டம். மறுபடி புது ஃபில்டர், ஒரு வாரம் குழாயோடு. வெயில் காய்ந்த நாட்கள். தோட்டத்துச் சாலையில் ஒரு லோரி போனால் அடுத்த லோரி தெரியாத அளவுக்குப் புழுதி.

ஒவ்வொரு வாரக் கடைசியிலும் நாங்கள் மூவரும் லோரியில் ஏறினோம். சேகர் ஓட்டினான். மல்லிகா நடுவில், மடியில் தண்ணீர்க் குழாய்ப் பலகையோடு. நான் ஜன்னலோரம். இந்த முறை சிரப்பின் அளவை அவள் முடிவு செய்தாள், நான் வாயைத் திறக்கவில்லை.

"அக்கா, கைய ஆட்டாதீங்க. தண்ணி ஆடுது."

"நீ குழியில விடாம ஓட்டுடா. என் இடுப்பும் ஆடுது."

"மேடு வருது, மிதிக்கப் போறேன், பாருங்க. மச்சான், நீங்க பாக்காதீங்க. அக்கா மட்டும் பாக்கட்டும்."

நான் ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களைப் பார்த்தேன். அவள் பலகையில் பென்சிலால் கோடு போட்டாள். குழாயில்லாத வாரத்தின் கோட்டுக்குக் கீழே, சரியாகப் பாதி உயரத்தில் குழாயுள்ள வாரத்தின் கோடு விழுந்தது. தண்ணீர் பாதி ஏறினால் மண்ணும் பாதிதான் அடைத்திருக்கிறது, ஃபில்டர் இரண்டு மடங்கு ஓடும் என்று விளக்கினேன். மல்லிகா பலகையைத் தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் லோரியை ஓரம் கட்டி நிறுத்தினான். பிறகு அவள் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "சரியாத்தான்டா செஞ்சிருக்க" என்றாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புழுதி கண்ணில் பட்டுவிட்டது என்றான். ஜன்னல் மூடியிருந்தது.

"ஜெயிச்சாச்சு, வீட்டுக்குப் போலாம்" என்றான்.

"மூணாவது வாரம் இருக்கு" என்றேன். "குழாயக் கழட்டி, புது ஃபில்டர் போட்டு இன்னொரு தடவ ஓட்டணும்."

"மச்சான், நீங்க திருந்தவே மாட்டீங்களா?"

மூன்றாவது வாரமும் ஓட்டினோம். தண்ணீர் முதல் கோட்டுக்கே திரும்பிப் போனது. வித்தியாசம் குழாயில்தான் இருந்தது.

"எழுதுங்க" என்றாள் மல்லிகா. "அன்னிக்கு எந்த லோரிக்காரங்க உங்க பேச்சக் கேட்டாங்களோ, அவங்க படிக்கிற எடத்துல எழுதுங்க."

ஆகவே எழுதுகிறேன். சேகரின் காற்றுக்குழாய் வேலை செய்தது. செம்மண் சாலையில் ஓடும் லோரியின் ஏர் ஃபில்டரை அது இரண்டு மடங்கு காலம் ஓடவைக்கிறது. அவன் சொன்னது நான்கு மடங்கு. டீசலில் மாற்றம் இல்லை, தார்ச்சாலையில் பயன் இல்லை. செம்மண் சாலையில் அது வேலை செய்கிறது என்பது எனக்கு அன்றே தெரிந்திருந்தது. அதை மறைத்து நான் எழுதிய தீர்ப்பு தவறானது. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

அனுப்புவதற்கு முன் இதைச் சேகரின் வீட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தி வந்ததும் கையை உயர்த்தினான்.

"ரெண்டு மடங்குதானா? மூணுன்னு போட்டா என்ன மச்சான்?"

"ரெண்டுதான்."

"டீசல்ல கொஞ்சமாச்சும்?"

"ஒண்ணும் இல்ல."

அக்காவைப் பார்த்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாகற்காய்ப் பொரியலை அவன் தட்டில் போட்டாள். அவன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு யோசித்தான்.

"சரி, அப்படியே இருக்கட்டும்" என்றான். "மூணுன்னு எழுதினா பொண்டாட்டி தம்பிக்காக எழுதிட்டாருன்னு சொல்லுவானுங்க."